துடைத்த கிண்ணம்

புவெப்லா ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒடிலியாவிடம் கேட்டால், அவள் பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசமாட்டாள். கறி எங்கே வாங்குகிறார்கள், அடுப்படியில் நிற்பது யார் என்றெல்லாம் விசாரிக்கவும் மாட்டாள். "சாப்பிட்டு எழுந்து போனவன் மேசையில சல்சாக் கிண்ணத்தப் பாரு. காலியா இருந்தா உள்ள போய் உக்காரு. நெறஞ்சு கிடந்தா திரும்பிப் பாக்காம ஓடியாந்துரு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய சாத்திரம்.

ஏன் அப்படி என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "சூப்புல தண்ணி ஊத்தி ஏமாத்தலாம். நேத்து சோத்த இன்னைக்கு வதக்கி ஏமாத்தலாம். பசிச்சவன் காசு குடுத்துட்டோமேன்னு எல்லாத்தையும் முழுங்கிருவான். சல்சா அப்படியா? அது தொட்டுக்க ஓசியில வைக்கிற காரத் தொவையல். பிடிக்கலன்னா தொடமாட்டான். சல்சாவ மட்டும் எவனும் பாவம் பாத்துத் தின்னமாட்டான்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாகச் சொல்லி, அவ்வளவு மோசமாகத் தோற்றுப்போன வாக்கியம் வேறொன்று இல்லை.

இந்த ஞானம் அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. சின்ன வயதில், பேராலயத்துச் சதுக்கத்தையொட்டி இருந்த ஒரு பெரிய உணவகத்தில் தட்டு கழுவினாள். சுவர் முழுக்க அகலத் தொப்பிகளை ஆணியடித்து மாட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இடம். உள்ளூர்க்காரன் எவனும் அதற்குள் காலடி வைத்ததில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காரம் ஆகாது என்று அங்கே சல்சா என்ற பெயரில் தக்காளித் தண்ணீரை வைத்தார்கள். கிண்ணங்கள் நிரம்பியபடியே திரும்பி வரும். முதலாளியம்மா அதையெல்லாம் திரும்பப் பெரிய பாத்திரத்தில் கொட்டி, அடுத்த மேசைக்கு அனுப்புவாள். கழுவ வரவேண்டிய கிண்ணங்கள் கழுவப்படாமலே மறுபடி போவதை ஒடிலியா தினமும் பார்த்தாள். சீச்சீ, அதுவும் ஒரு பிழைப்பா!

பிறகு பஸ் ஓட்டுநர் எலாதியோவைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார்கள். மற்ற ஜோடிகள் பூங்காவில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிடும். இவர்கள் கடை கடையாக வாசலில் நின்று உள்ளே எட்டிக் கிண்ணம் பார்ப்பார்கள். ஒரு கடையில் பரிமாறுகிறவன் பயந்துபோய், "சார், நீங்க சுகாதாரத் துறையா?" என்று கேட்டே விட்டான். எலாதியோ அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எலாதியோ வேலை பார்த்த பஸ் பணிமனைக்கு எதிரிலேயே அவர்கள் வீடு. முன்னறையைக் காலி செய்து, மர மேசைகளைப் போட்டு, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, ஒடிலியா கடை வைத்தாள். பலகை கிடையாது. கடைக்குப் பெயரும் கிடையாது. மதியத்தில் ஒரு சூப்பு, ஒரு சோறு, அன்றைக்கு என்ன குழம்போ அது, குடிக்கப் பழத் தண்ணீர். அடுப்பிலிருந்து அப்போதப்போது வரும் டோர்ட்டியா ரொட்டி. மேசைக்கு ஒரு மண் கிண்ணத்தில் சல்சா. பணிமனை ஆட்கள் மொத்தமும் அங்கேதான் விழுந்து கிடந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிறவன், தெரிந்தவனோ தெரியாதவனோ, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவான். தின்றது உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தம். அடுப்படியில் நிற்கிற ஒடிலியாவுக்கு மதியம் முழுக்க அந்தச் சத்தம்தான் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

எலாதியோ போய்ச் சேர்ந்தார். மகள் மிரேயா கல்யாணமாகிக் கெரேத்தாரோ ஊருக்குப் போய்விட்டாள். கடை மட்டும் நடந்தது. கூடமாட இருந்தவள் தாச்சா. ரொட்டி தட்டுவது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் அவள்தான். புருஷன் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். தாச்சாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் ஒடிலியா. அப்படி ஒரு உறவு வந்துவிட்டால் அந்த ஊரில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் "கொமாத்ரே" என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா தங்கை சண்டை போட்டுப் பிரிந்தாலும் பிரியலாம், கொமாத்ரே உறவு அறுந்துபோகாது.

சல்சாவை மட்டும் ஒடிலியா யார் கையிலும் விட்டதில்லை. காய்ந்த மிளகாயை அடுப்பிலிருக்கும் மண் ஓட்டில் போட்டுப் புரட்டுவாள். பச்சைத் தக்காளியையும் பூண்டையும் தோல் கருகச் சுடுவாள். எல்லாவற்றையும் மூன்று கால் கல் உரலில் போட்டு உப்போடு நசுக்குவாள். இதில் சூட்சுமம் மிளகாய் வறுபடுவதில்தான் இருக்கிறது. மிளகாய் வாசனை மாறி ஒரு இனிப்பு வரும். அந்த நொடி எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் கசந்துபோகும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூக்குக்கு மட்டும்தான் தெரியும்.

"என் கிண்ணம் என்னைக்கு நெறஞ்சபடி திரும்பி வருதோ, அன்னைக்குக் கடைக்குப் பூட்டு. சத்தியமா சொல்றேன்!" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். பணிமனையில் புதிதாகச் சேருகிறவனுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே இந்தச் சபதத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஒரு குளிர்காலத்தில், கிறிஸ்துமஸை அடுத்து வரும் மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்த கையோடு, ஒடிலியாவுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தாள், எழுந்தாள். எழுந்து காப்பி போட்டுக் குடித்தால் அது வெந்நீராக இருந்தது. தூள் பழசு போலிருக்கிறது என்று நினைத்தாள். கொத்தமல்லிக் கட்டை அவிழ்த்தாள், வாசனையே இல்லை. கட்டுக்குள் முகத்தைப் புதைத்து இழுத்தாள். ஒன்றுமே இல்லை. பூண்டைப் பிய்த்துக் கடித்தாள். உப்பை நாக்கில் வைத்தாள், மணலைத் தின்கிற மாதிரி இருந்தது. மிளகாயைக் கடித்தபோது மட்டும் எரிந்தது. அந்த எரிச்சலைத் தவிர அவள் வாயில் எதுவும் மிச்சமில்லை.

இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று பார்த்தாள். ஆகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது? குருடன் பஸ் ஓட்டுகிறேன் என்றால் எவன் ஏறுவான்? சூப்பும் குழம்பும் கைப்பழக்கத்தில் நடந்தன. உப்பையும் குத்துமதிப்பாகத்தான் போட்டாள். சல்சா மிளகாயைக் கண்ணால் பார்த்து வறுத்தாள். நெடி ஏறி இருமல் வந்தது, ஆனால் வாசனை வரவில்லை. எதை வறுக்கிறோம், எப்போது எடுக்கிறோம் என்று ஒரு இழவும் தெரியாமல், தோராயமாக எடுத்து நசுக்கினாள். முதல் நாள் மதியம் கடைசி ஆள் கிளம்புகிறவரை காத்திருந்தாள்.

"கிண்ணம் எப்படி வந்துச்சு கொமாத்ரே?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். காலி" என்றாள் தாச்சா, கழுவிய கிண்ணங்களை அடுக்கியபடி.

மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும் காலி. ஒடிலியா நிம்மதிப்பட்டாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் விஷயம். அவளுக்கு நெஞ்சு கனத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் களைத்துப்போயிருந்தாள். இந்தக் காய்ச்சலால் வந்த களைப்பு இல்லை அது. எலாதியோ இருந்தபோதே தொடங்கியது. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சும். சாயங்காலம் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறுநாள் வரை மறையாது. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வாள். இப்போது அதிலும் ருசி போய்விட்டது. மூக்கும் நாக்கும் இருந்தவரை, இந்த உழைப்புக்குக் கூலியாக ஒரு வாசனையாவது கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது வெறும் நிற்பதும் கிளறுவதும்தான்.

மிரேயா வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"அம்மா, போதும்மா. ஒங்களுக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். வெயில் நல்லா விழும். வந்து சும்மா கால நீட்டி உக்காருங்க."

"வரேன்டி."

"எப்ப?"

"கிண்ணம் காலியா வந்துக்கிட்டிருக்கு. காலியா வர்ற கடையை எப்படிடி மூடறது? சபதம் போட்டுத் தொலைச்சிருக்கேன்ல."

"என்ன சபதமோ! யாரு கேட்டா ஒங்கள?"

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் ஒடிலியா அப்படிப்பட்டவள். கிண்ணம் காலியாக வருகிறவரை அந்த மனுஷர்களுக்குத் தான் வேண்டும். வேண்டும் என்கிறவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது. அதனால் தினமும் மதியம் அவள் ஒரே ஒரு நிரம்பிய கிண்ணத்துக்காகக் காத்திருந்தாள். ஒன்றே ஒன்று வரட்டும். வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கெரேத்தாரோ பஸ்ஸில் ஏறிவிடலாம். மாதாவிடம்கூட மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டாள். சல்சா நிரம்பியபடி திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட சமையல்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"கிண்ணம்?"

"காலி, கொமாத்ரே."

"எல்லாமா?"

"எல்லாந்தான். என்ன நீங்க, தெனம் தெனம் பரீச்சை வைக்கிற மாதிரி கேக்கறீங்க?"

இப்படியே குளிர் போய், ஜகரந்தா மரங்கள் ஊதாவாகப் பூத்து உதிர்ந்து, மழைக்காலமும் வந்துவிட்டது.

ஒரு மதியம் மாவு மில்லில் மின்சாரம் போய்விட்டது. அடுத்த ஈடு ரொட்டிக்கு மாவு வந்து சேரவில்லை. கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு ஓட்டம் ஓடி அடுத்த தெரு மில்லுல வாங்கியாந்துர்றேன். நீங்க அடுப்படியை விட்டு நகராதீங்க. நான் வந்து பரிமாறிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தாச்சா வாளியோடு ஓடினாள். அந்த "நகராதீங்க"வைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். ஒடிலியா அதைக் கவனிக்கவில்லை.

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய சூப்பைப் பரிமாறுவதற்குச் செத்துப்போகலாம். ஒடிலியா இரண்டு கையிலும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, திரைத்துணியை முழங்கையால் விலக்கி முன்னறைக்கு வந்தாள். மதிய வேளையில் அவள் முன்னறைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஜன்னலோர மேசையில் உபால்தோ உட்கார்ந்திருந்தான். பணிமனையின் பெரிய மெக்கானிக். ஆள் அலமாரி மாதிரி இருப்பான், மனசு பஞ்சு. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்தான். கையால் துடைத்து, நறுக்கென்று ஒரு கடி கடித்தான். ரொட்டியில் கறியை வைத்துச் சுருட்டி வாயில் போட்டான். அதே கையோடு மடிமீது ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, சல்சாக் கிண்ணத்தைச் சாய்த்து, கரண்டியால் வழித்து அதற்குள் விட்டான். பையின் வாயை முடிச்சுப்போட்டான். நன்றாகப் பழகிய வேலை போல, கண்ணால்கூடப் பார்க்காமல் செய்தான்.

ஒடிலியா கடை முழுக்கப் பார்த்தாள். எதிர் மேசையில் பெரியவர் ஃபிதென்சியோ; எலாதியோவோடு ஒன்றாக பஸ் ஓட்டினவர். அவர் சட்டைப் பையிலும் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் காம்பு எட்டிப்பார்த்தது. அவருக்கு அடுத்தவன் பையிலும். அதற்கடுத்தவன் மிளகாயைக் காகிதத்தில் சுற்றியே கொண்டுவந்திருந்தான். அந்த ஊரில் சாப்பாட்டுக் கடைக்கு எவனாவது வீட்டிலிருந்து மிளகாய் கொண்டுவருவானா? கடைக்காரியின் முகத்தில் காறித் துப்புவதும் அதுவும் ஒன்றுதான்.

தட்டுகளை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். உபால்தோ கையில் பையோடு உறைந்துபோனான்.

"என்னடா அது?" என்றாள் ஒடிலியா.

"அது... வீட்டுக்கும்மா. பொண்டாட்டிக்கு ஒங்க சல்சான்னா உசுரு."

"ஒன் பொண்டாட்டி போன வருஷமே ஒன்னை விட்டுட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாளேடா."

யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டான். உபால்தோவின் காது சிவந்தது.

"பையில மிளகா எதுக்கு?"

அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் சுருங்கியது. ஃபிதென்சியோதான் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அவனை விடு ஒடிலியா. எல்லாருந்தான். நான்தான் ஆரம்பிச்சது."

"என்ன ஆரம்பிச்சீங்க அண்ணே?"

"சல்சா கசக்குதும்மா."

"எப்பலேருந்து?"

"ராஜாக்கள் பண்டிகைக்கு அப்புறம் நீ காய்ச்சலா கெடந்து எழுந்திரிச்சியே, அதுலேருந்து. மிளகா கருகிப்போய் வருது. மொத நாளு சரி, ஏதோ கை தப்பிருச்சுன்னு நெனச்சோம். தெனமும் அப்படியே வந்துச்சு. நீயோ, கிண்ணம் நெறஞ்சு வந்தா பூட்டுவேன்னு ஊருக்கே தண்டோரா போட்டிருக்க. பூட்டிட்டா ஒனக்கு என்ன இருக்கு? எலாதியோ போனப்புறம் இந்த அடுப்புதான் ஒன்னைத் தூக்கி நிறுத்தி வச்சிருக்குன்னு நெனச்சோம். அது அணைஞ்சா நீ படுத்துருவேன்னு பயந்தோம்."

ஒடிலியாவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்கு நிற்கக்கூடத் தெம்பில்லாமல் போனது. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"படுத்துருவேன்னா பயந்தீங்க?" என்றாள். "பாவிங்களா, படுக்கத்தானேடா நான் ஏங்கிக்கிட்டிருக்கேன்! ஒரு கிண்ணம், ஒரே ஒரு கிண்ணம் நெறஞ்சு வராதா, நம்ம கால நீட்டமாட்டமான்னு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கேன்டா. நீங்க என்னடான்னா பையில வழிச்சு வழிச்சு காலி பண்ணி அனுப்பறீங்க!"

உபால்தோ கையிலிருந்த பையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு. நாக்கும் செத்துப்போச்சு. என்ன ஆக்கறேன், என்ன போடறேன்னு ஒண்ணும் தெரியல. தெரியாமலேதான் ஒங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தேன்." சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மாதக்கணக்கில் பூட்டி வைத்தது, இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"சோறு நல்லாத்தாம்மா இருக்கு" என்றான் உபால்தோ மெதுவாக. "உப்பெல்லாம் சரியா இருக்கு."

அப்போதுதான் ஒடிலியாவுக்குப் பொறி தட்டியது. உப்பு எப்படிச் சரியாக இருக்கும்? திரும்பினாள். வாசலில் தாச்சா மாவு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"நீதானே உப்பு பாத்த?"

தாச்சா தலையாட்டினாள்.

"கிண்ணத்தை என் கண்ணுல காட்டாம கழுவிக் கழுவி வச்சதும் நீதானே? ரொட்டியால தொடச்ச கிண்ணம் எப்படி இருக்கும், வழிச்சுக் கொட்டின கிண்ணம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? காட்டியிருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்ல?"

"அதனாலதான் காட்டல" என்றாள் தாச்சா. வாளியைக் கீழே வைத்தாள். "அவங்க ஒங்களுக்காகப் பண்ணினாங்க. நான் எனக்காகப் பண்ணினேன் கொமாத்ரே. உள்ளதச் சொல்றேன். நீங்க கடையப் பூட்டிட்டா நான் எங்க போவேன்? என் பையன் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? அந்தத் தொப்பி மாட்டின கடையிலயா போய்த் தட்டு கழுவறது?"

இத்தனை பேர் சொன்னதில் இதுதான் ஒடிலியாவுக்குப் பிடித்திருந்தது. இதில் பாவம் பார்க்கிற வேலை எதுவும் இல்லை. அவள் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கழற்றி, தாச்சாவின் தோளில் போட்டாள்.

"ஒனக்கு மூக்கு வேலை செய்யுதில்ல?"

"செய்யுது."

"அப்பறம் எதுக்குப் பூட்டு? நாளைக்கு மிளகாய நீ வறு. நெறம் பாக்காத, மூச்ச இழு. இனிப்பா ஒரு வாசம் வரும். வந்ததும் எடு. யோசிச்சுக்கிட்டு நிக்காத."

"சரியா வரலைன்னா?"

"வரலைன்னா இவனுங்க கிண்ணத்த அப்படியே விட்டுருவானுங்க" என்றாள் ஒடிலியா. பிறகு கடையைப் பார்த்துத் திரும்பி, பழைய குரலில் கத்தினாள். "என்னடா, விடுவீங்கல்ல? இனிமே எவனாவது பிளாஸ்டிக் பையோட வந்தீங்க, அந்தப் பையில ஒங்க தலையப் போட்டு முடிஞ்சிருவேன்! ஆமா, இத்தனை நாளு வழிச்ச சல்சாவையெல்லாம் எங்கடா கொட்டினீங்க?"

உபால்தோ தயங்கினான். "பணிமனைக்குப் பின்னால எலிப் பொந்து இருந்துச்சும்மா. அதுல."

"அப்புறம்?"

"எலி ஒண்ணுகூட இல்ல இப்ப."

முதலில் ஃபிதென்சியோ சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. ஒடிலியாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எது சிரிப்பு, எது அழுகை என்று அவளிடம் கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள்.

மறுநாள் தாச்சாவின் சல்சா பாதிக் கிண்ணம் திரும்பி வந்தது. அதற்கு மறுநாள் முக்கால் கிண்ணம். தாச்சா அழுதாள். ஒடிலியா அவளைத் திட்டினாள். "இதுதான்டி நெசம். இத்தனை மாசத்துல இந்தக் கடைக்குள்ள வந்த மொத நெசம் இதுதான். அழாம நாளைக்குக் கொஞ்சம் முன்னாடி எடு" என்றாள். அடுப்பைவிட்டுத் தள்ளி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேறெதிலும் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை ஓயும்வரை அப்படியே போயிற்று.

மகளோடு இருக்கக் கெரேத்தாரோவுக்குக் கிளம்புகிற அன்று, பையைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டு, அவள் அடுப்படிப் பக்கம் போகவில்லை. தெருவழியாக வந்து, வாடிக்கைக்காரி மாதிரி முன்னறைக்குள் நுழைந்தாள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். தன் கடை நாற்காலி இவ்வளவு கோணலாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக இதிலா இவர்களை உட்கார வைத்திருந்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

தாச்சா சூப்பு கொண்டுவந்து வைத்தாள். சோறு, பச்சைக் குழம்பில் பன்றிக் கறி, துணியில் சுற்றிய ரொட்டி, கிண்ணத்தில் சல்சா. வைத்துவிட்டு நகராமல் ஏப்ரனைத் திருகிக்கொண்டு நின்றாள்.

ஒடிலியா ரொட்டியைக் கிள்ளி, சல்சாவில் தோய்த்து வாயில் போட்டாள். எரிந்தது. எரிச்சலுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மென்றாள். சூடும் மிருதுவும் தெரிந்தன. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு கொமாத்ரே?" என்றாள் தாச்சா. கேட்டபிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒடிலியா சுற்றிலும் பார்த்தாள். ஃபிதென்சியோவின் சட்டைப் பையில் பேனா மட்டும் இருந்தது. உபால்தோ ஒரு ரொட்டித் துண்டை இரண்டாக மடித்து, கிண்ணத்தின் அடியைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்து போனவர்களின் மேசையில் கிண்ணங்கள் கிடந்தன. ஒரு விதை, ஒரு தோல் ஒட்டியிருக்கவில்லை. களிமண் நிறம் தெரிந்தது.

"நல்ல கடை" என்றாள்.

"நெசமாவா?"

"நான் என்னைக்குடி கடை விஷயத்துல பொய் சொன்னேன்? போ, அங்க ரொட்டி கேக்கறான் பாரு."

தாச்சா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒடிலியா மெதுவாகச் சாப்பிட்டாள். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி, காலை நீட்டி வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. அடுப்பில் எதுவும் தீய்ந்துகொண்டிருக்கவில்லை. அப்படித் தீய்ந்தாலும் அது அவள் பாடு இல்லை.

உபால்தோ துடைத்து முடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் வழக்கம்போலத் திரும்பிக் கடையைப் பார்த்தான். அவள் மேசையில் வந்து அவன் கண் நின்றது. அத்தனை வருஷமாக அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சொல்தான். தட்டின் முன்னால் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், அதுவரை ஒருவனும் அவளைப் பார்த்து அதைச் சொன்னதில்லை.

"ப்ரொவேச்சோ, ஒடிலியாம்மா" என்றான்.

ஒடிலியா பதிலுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வாய் நிறைய ரொட்டி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து, மிச்சமிருந்ததைத் துடைக்க ஆரம்பித்தாள்.